பொட்டு வைத்த துப்பாக்கி

என் சேகர் அண்ணே,

செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் உயிரோடிருப்பவர்களிடம் ஓராண்டாகப் பேசி அலுத்துவிட்டேன். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நீ செத்ததற்கு நீதான் காரணமாம். லாபு செம்பனைத் தோட்டத்தின் அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. தோட்டக் காவலர்களின் துப்பாக்கிகளைத் துடைக்கும் பொறுப்பு உன்னுடையது, நீ துடைக்கவில்லை, கவனக்குறைவு. கோயிலில் அண்ணியின் காதுபடவே அதைப் பேசுகிறார்கள். அவர் இப்போது கோயிலுக்குப் போவதில்லை.

போலீஸ் ஆயுதக் கூடத்தில் அந்தச் செமி-ஆட்டோ துப்பாக்கியைப் பிரித்தபோது, நான் விடாமல் கேட்டதால், பக்கத்தில் நிற்க விட்டார்கள். தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டை வெளியே இழுத்து, குறுக்கே இருந்த சின்ன ஆணியைத் தள்ளி எடுத்தார் அந்த மலாய்க்காரர். தோட்டாவைக் குத்தும் ஊசி தானாக வழுக்கி விழ வேண்டும் என்றார். விழவில்லை. தட்டித்தான் எடுத்தார். ஊசியைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது.

"துருவா, அக்கா?" என்று மலாயில் கேட்டார்.

நான் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம். அதோடு குங்குமம்.

ஆயுத பூசைக்குக் கத்தரிக்கோலுக்கும் லோரிக்கும் பொட்டு வைக்கட்டும். எனக்கென்ன? துப்பாக்கியின் போல்ட் மேல் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைப் பூச எந்தச் சாமி சொன்னது? அது உள்ளே இறங்கிக் காய்ந்து, ஊசியை முன்னால் நீட்டியபடியே பிடித்துக்கொண்டது. மறுநாள் விடியலில், உன் கூட்டாளி முருகையா தோட்டாவைப் போட்டுப் போல்ட்டை விட்டதும், விசையைத் தொடாமலே வெடித்தது. நீ முன்னால் மோட்டார் சைக்கிளைக் கிளப்பக் குனிந்திருந்தாய்.

முருகையா எனக்கு மட்டும் ஒன்று சொன்னார். பூசை முடிந்ததும் நீ காவல் தலைவரிடம் கேட்டாயாம்.

"சார்ஜன், சந்தனம் உள்ள எறங்கியிருக்கு. போல்ட்டக் கழட்டித் தொடச்சிடுறேன்."

"பூச போட்டத நாளைக்கு மறுபூச ஆகாம பிரிப்பியாடா? ஒனக்கு ரொம்பத்தான் கை அரிக்குது."

"சரி சார்ஜன்."

மறுபூசைக்கு முன்னால் கழற்றத்தான் கூடாது. விடியலில் செம்பனைப் பழத் திருடனைப் பிடிக்கத் தூக்கிக்கொண்டு போகலாம், தோட்டா போடலாம். இதை யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. பட்டாளத்தில் அத்தனை வருஷம் துப்பாக்கி துடைத்தவன், அந்த ஆளிடம் ஏன் அண்ணே 'சரி' என்றாய்? உன் மேலும்தான் எனக்குக் கோபம்.

இந்த வருஷப் பூசைக்கு நான் செண்டாயானில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் காவல் கொட்டகைக்குப் போனேன். அதே மேசை, அதே வரிசை. சார்ஜன் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, நீயும் விபூதி எடுத்துக்க."

"எங்கண்ணன் அன்னைக்கு ஒங்ககிட்ட என்ன கேட்டாரு, சார்ஜன்?"

"பூச நேரத்துல என்ன பேச்சு இது? அவன் விதிம்மா. படிச்ச புள்ள நீ, சொன்னாப் புரியணும்லா."

நான் முருகையாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இதற்காகவா வந்தோம் என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது. சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முருகையா முதல் துப்பாக்கியை எடுத்து, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, போல்ட்டை உருவி மேசைமேல் வைத்தார்.

"டேய், என்னடா பண்ற?"

"சேகரு இதத்தான் கேட்டாரு சார்ஜன். நீங்க விடல. நான் பக்கத்துலதான் நின்னேன்." சட்டை நுனியால் ஈரச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எல்லாக் காவலர்களும் கேட்டார்கள். என்னோடு கொட்டகை வாசல்வரை வந்து நின்ற அண்ணியும் கேட்டார்.

என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. முருகையா இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் உன் சாவைப் பற்றிய விசாரணையிலும் சொல்வார். மறுத்தால் நான் அவர் வீட்டு வாசலிலேயே உட்காருவேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லை உன் பெயருக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, அது யாருக்குச் சேர வேண்டுமோ அவர் பெயருக்குப் பக்கத்தில் வைப்பேன். அதுவரை யாரிடமும் 'சரி' என்று சொல்ல மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
வளர்மதி