ஆயிரம் ஃபாண்ட் காட்டிக்கொடுத்தது

செப். 9, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிக்குப் புஸ்வாணப் பெட்டி லேபிள், மூன்று டிசைன். காலண்டர் வேலை வேறு. கடையில் நானும் வீட்டுக்காரரும்தான், ஒரே கம்ப்யூட்டர். பகலில் அவர் பிரஸ்ஸுக்கு அலைவார், நான் டிசைன். சாயங்காலம் அவர் உட்காருவார்.

மதியம் புதுப்பட்டி மேனேஜர் புரூஃப் பார்க்க வந்தார். படம் தேட நெட்டைத் திறந்தேன். ஓரத்தில் ரோஸ் கலர் விளம்பரம்: மார்பகத்தில் கட்டியா? சட்டென்று அதை மூடினேன். நல்லவேளை, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பச்சையக் கொஞ்சம் தூக்கி விடும்மா, கடையில அடுக்குனா எடுப்பாத் தெரியணும்" என்றார்.

இடது பக்கம். சுண்டைக்காய் அளவு. பத்து நாளாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும். தீபாவளி சீசன் முடியட்டும் என்றிருக்கிறேன். தேடியதெல்லாம் ஹிஸ்டரி தங்காத பிரைவேட் விண்டோவில். ஒவ்வொரு தடவையும் மூடினேன். பிறகு எப்படி?

செப். 10, புதன்

பால், இஞ்சி, கறிவேப்பிலை. பிரிண்டருக்கு நீல மை.

நெட்டில் வாசித்ததில் விடை கிடைத்தது. சைட்டுகள் பெயரே கேட்பதில்லையாம். திரை எத்தனை அகலம், கிராபிக்ஸ் கார்டு என்ன, என்னென்ன ஃபாண்ட் ஏற்றியிருக்கிறது என்று பார்க்கின்றன. எல்லாம் சேர்ந்தால் கைரேகை மாதிரி. ஹிஸ்டரியை அழித்தாலும் அது அழியாது. சோதிக்க ஒரு சைட் இருந்தது, அமுக்கினேன். அதில் சோதித்த அத்தனை கம்ப்யூட்டரிலும் இதே மாதிரி இன்னொன்று இல்லை என்று வந்தது.

ஃபாண்ட்தான் காரணம். எந்தப் பார்ட்டி எந்தப் பழைய ஃபைலைக் கொண்டுவந்தாலும் திறக்க வேண்டுமே என்று கிடைத்த தமிழ் ஃபாண்டையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகைக்கு அரபியும் உண்டு. எண்ணினேன், ஆயிரத்துச் சொச்சம். சிவகாசியில் ஒரு சந்துக்குள் கிடக்கும் இந்தப் பெட்டியை உலகத்தில் யாருக்கோ தனியாக அடையாளம் தெரிகிறது. என் அம்மாவுக்கே தெரியாததும் தெரிகிறது. பயம்தான். ஆனால் பயத்தைவிட மலைப்பு.

செப். 12, வெள்ளி

தூறல். ஃபாண்டை அழிக்க முடியாது, வேலை ஓடாது. ஃபாண்ட் பட்டியலை வெளியே காட்டாத பிரவுசர் ஒன்றை இறக்கினேன். மறுபடி சோதனை. இப்போது நானும் கூட்டத்தோடு கூட்டம். அப்பாடா.

அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் அதில் தேடினேன். பெரும்பாலான கட்டிகள் ஆபத்தில்லை என்று போட்டிருக்கிறது. மூன்று தடவை வாசித்தேன்.

செப். 14, ஞாயிறு

ஞாயிறும் கடை. மெயில் பார்க்கப் பழைய பிரவுசரைத் திறந்தேன். விளம்பரம்: மதுரையில் ஆஸ்பத்திரிக்கு அருகில் ரூம். கீழே இன்னொன்று: ஆபரேஷன் முடிந்த மனைவிக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம்.

நான் தேடவே இல்லையே. இதில் சாயங்காலம் உட்காருகிறவர் ஒருவர்தான்.

அந்த ரோஸ் விளம்பரம் அவருக்கும் வந்திருக்கிறது. என்னிடம் கேட்காமல் அவரும் ஒளித்துத் தேடியிருக்கிறார். எங்கோ இருக்கிற அந்தக் கணக்குக்கு நாங்கள் இருவரும் ஒரே ஆள். இதைப் போய் எப்படி அவரிடம் கேட்பது? வெகுநேரம் லேபிளில் கை ஓடவில்லை.

செப். 15, திங்கள்

டீ கொடுக்கும்போது கேட்டே விட்டேன். "மதுரையில ரூம் தேடுனீகளா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "நீயாச் சொல்லுவேன்னு ஒரு வாரமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"சீசன் முடியட்டும்னுதான்..."

"சீசன் வருசா வருசம் வரும். புதன்கிழமைக்கு ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டாச்சு. கூட வர்ற ஆள் யாருன்னு கேட்டாங்க. எம் பேரச் சொல்லியிருக்கேன்."

அழுதுவிட்டேன். அவரும்.