பாதி வழியில் கிறிஸ்துமஸ்

சாம்பியன் ரீப்ஸ்
கோலார் தங்கச் சுரங்கம்
4 அக்டோபர் 1896

பிரியமுள்ள பாக்கியவதிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன். மேஸ்திரியிடம் முன்பணம் கேட்டிருக்கிறேன், தருகிறேன் என்றார். அம்மாவுக்குப் பெங்களூர்ச் சேலை, தம்பிக்கும் அவன் மச்சானுக்கும் வேட்டி, சின்னம்மா வீட்டில் எல்லாருக்கும் துணி, மிஷன் பாதிரி ஐயர் பங்களாவுக்கு ஒரு கூடைப் பழம். உனக்கு என்ன வேண்டும்? போன வருஷம் சாமான் ஒரு வண்டியில் கொள்ளவில்லை. இந்தத் தடவை ஸ்டேஷனுக்கு இரண்டு வண்டி அனுப்பச் சொல். தங்கச் சுரங்கத்திலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு இறங்கினால் நன்றாகவா இருக்கும்?

உன் புருஷன்,
சாம்ராஜ்

குடியாத்தம்
13 அக்டோபர் 1896

கர்த்தருக்குள் பிரியமான என் புருஷருக்கு,

எல்லாரும் சுகம். அத்தைக்கு மட்டும் முழங்கால் வலி. ஃப்ளோரா இப்போது எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய முன்பணத்தை அடைக்க உங்களுக்கு ஆடி மாதம் வரை ஆயிற்று. அதனால் ஈஸ்டருக்கு வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸில் டெய்சி உங்களை யாரோ என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். மூன்றாம் நாள்தான் மடியில் உட்கார்ந்தாள், மறுநாள் நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். நாம் தனியாகப் பேசலாம் என்று நான் நினைத்திருந்தது ஸ்டேஷனுக்குப் போகிற வண்டியில். அதிலும் சின்னம்மா ஏறிக்கொண்டார்.

ஆகையால் எனக்கு ஒரு யோசனை. நீங்கள் ஊருக்கு வர வேண்டாம். ஜோலார்பேட்டையில் இறங்கிவிடுங்கள். நான் பிள்ளைகளோடு அங்கே வருகிறேன். நான் வேலை பார்க்கும் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கும் ரத்தினம்மாவின் அக்காள் அங்கே ரயில்வே லைன் வீட்டில் குடியிருக்கிறாள். ஓர் அறை தருவாள். அரிசி பருப்பு நான் கொண்டுவருகிறேன். மலையைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் இருக்கலாம். அந்த ஊரில் நமக்கு ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. அதுதான் அதன் அழகு.

உங்கள் அன்புள்ள,
பாக்கியவதி

சாம்பியன் ரீப்ஸ்
27 அக்டோபர் 1896

பிரியமுள்ள பாக்கியவதிக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். கூடத் தங்கியிருக்கும் காத்தவராயன் காரணம் கேட்டான், சொன்னேன். "பொண்டாட்டியப் பாக்க ஜோலார்பேட்டைக்குப் போறியா? இன்னா, அவங்க ரயில்வே உத்தியோகமா?" என்றான். குடிசையே சிரித்தது.

விளையாட்டை விடு. ஊருக்கு வராமல் பாதி வழியில் திரும்பினால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? உனக்கு ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஷாப்டுக் குழிக்குள் இறங்கும்போது நான் இன்னும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். அப்போதெல்லாம் குடியாத்தம் ஸ்டேஷனில் நம் சனம் கூடி நிற்பதையே நினைத்துக்கொள்வேன். அதை விடச் சொல்கிறாயே.

சாம்ராஜ்

குடியாத்தம்
8 நவம்பர் 1896

பிரியமான என் புருஷருக்கு,

சனம் உங்கள் மூட்டையைப் பார்க்கத்தான் வருகிறது என்று எழுத உட்கார்ந்தேன். அது முழு உண்மையில்லை. அத்தை உங்களைத்தான் பார்க்க வருகிறார். ஆனாலும் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த ஒரு நாள் ராஜா வேஷத்துக்காக எத்தனை மாதம் கூடுதல் ஷிப்ட் இறங்குகிறீர்கள்? நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளும் அந்தக் கேஜில் இன்னும் அதிகமாக இறங்குவதற்குத்தானே முன்பணம் வாங்குகிறீர்கள்?

என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்குச் சேலை வேண்டாம். நீங்கள் வேண்டும். இதைக் கடிதத்தில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் டிசம்பர் 23 அன்று நானும் பிள்ளைகளும் ஜோலார்பேட்டையில் இருப்போம்.

பாக்கியவதி

சாம்பியன் ரீப்ஸ்
30 நவம்பர் 1896

பிரியமுள்ள பாக்கியவதிக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். முன்பணம் வேண்டாமென்று சொன்னேன், மேஸ்திரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. டெய்சிக்கு வயது கேட்டால் இரண்டரை என்று சொல்லிவிடு, டிக்கெட் இல்லாமல் விடுவார்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் போவது பாவமாகப் பட்டது. நாம் ஜோலார்பேட்டையில் இருப்போம், மனக்குறை வேண்டாம் என்று தம்பிக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.

சாம்ராஜ்

குடியாத்தம்
16 டிசம்பர் 1896

பிரியமான என் புருஷருக்கு,

உங்கள் கார்டைக் கொழுந்தனார் கிணற்றடியில் நின்று உரக்க வாசித்தார். தெருவே கேட்டது. இப்போது அவரும் அவர் மனைவியும் மச்சானும் சின்னம்மா வீடு மொத்தமும் ஜோலார்பேட்டைக்குப் புறப்படுகிறார்கள். "நாங்க மலையப் பாக்க வேணாமா?" என்று சின்னம்மா கேட்கிறார். எல்லாருக்கும் டிக்கெட் செலவு உங்களுடையதாம். நீங்கள் ஊருக்கே வந்திருந்தால் இதைவிடக் குறைவாக ஆகியிருக்கும்.

முதலில் சிரித்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். முகம் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

நீங்கள் லீவு போட வேண்டாம், ஜோலார்பேட்டைக்கும் வர வேண்டாம். மலை பார்க்கிறவர்கள் தங்கள் செலவில் பார்த்துக்கொள்ளட்டும். 23ஆம் தேதி நாங்கள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்குகிறோம். உங்களுக்குப் பகல் ஷிப்ட் என்றால் அங்கேயே காத்திருப்போம். டெய்சிக்கும் அரை டிக்கெட் வாங்கியாயிற்று. யார் கேட்டாலும் மூணு என்று அவளே விரலைக் காட்டிவிடுகிறாள், நான் பொய் சொல்லி என்ன பயன்? குடிசையில் குடும்பம் வைக்க முடியாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறீர்கள். உங்கள் குடிசை லைனில் எத்தனையோ பெண்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். அவர்களுக்குள்ள புகை எனக்கும் போதும். காத்தவராயனை வேறு குடிசை பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சபைப் பள்ளியில் வேலை கேட்க ஐயரம்மா கடிதம் கொடுத்திருக்கிறார்.

அத்தையிடம்தான் பயந்தேன். சொன்னதும் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு, "போ. போயி அங்கியே இரு. வருசத்துக்கு ஒரு வாட்டி நானே ரயிலேறி வந்து அவனப் பாத்துக்கறேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

போக வரச் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் மலிவு என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். போக மட்டும் கொடுங்கள் என்றேன்.

உங்கள்
பாக்கியவதி