கூண்டில் வைத்த கூடுதல் பஞ்சு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் எனக்குக் கேட்கும்படி முனகுகிறாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன மாதம் போன் போட்டு, பொடியனைப் பிடித்த வைரஸுக்கு நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொன்னேனே, அது தப்பு பாப்பா. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் விஷயத்தை விட்டுவிட்டு உன்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எலிக்கு அந்த வைரஸ் லேசில் ஒட்டாது. அதனால் மனிதருடைய ஜீன் ஒன்றை எலிக்குள் வைத்து வளர்க்கிறார்கள். ஆராய்ச்சிக்குத் தலைமையான டாக்டரம்மா ஒரு நாள் எனக்குப் புரிகிற மாதிரி, நம்ம வீட்டுப் பூட்டை அதுங்க வீட்டுக் கதவுல மாட்டியிருக்கோம், திருடன் நம்ம வீடுன்னு நினைச்சு உள்ள போயிடுறான் என்றார். இருபது வருடமாகக் கூண்டு கழுவித் தீனி வைக்கிறேன், இருந்தும் அதைக் கேட்ட நாளிலிருந்து எலியைத் தூக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது. கட்டைவிரல் அளவு உடம்பு, அதற்குள் உன்னிடமும் என்னிடமும் இருக்கிற ஏதோ ஒன்று. வைரஸ் கொடுத்த நாலாம் நாள் அது விலா ஒட்ட மூச்சு இழுப்பதைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் மூக்கில் குழாயோடு பொடியன் இழுத்த இழுப்புதான். 

இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். இடப்பக்க அலமாரிக் கூண்டுகளுக்குப் புது மருந்து, வலப்பக்கத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஏசி காற்று இடப்பக்கம்தான் நேராக அடிக்கும், எலிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தன. எலி கிழித்துக் கூடு கட்டிக்கொள்ள, கூண்டுக்கு ஒரு அழுத்திய பஞ்சு வில்லை என்பது விதி. பாவம் என்று அந்தப் பக்கம் மட்டும் மும்மூன்றாக வைத்தேன். எழுதி வைக்க வேண்டிய விஷயம் என்று தோன்றவே இல்லை. பத்தாம் நாள் பார்த்தால் வலப்பக்கம் இருபத்து நாலில் ஐந்துதான் மிச்சம், இடப்பக்கம் அதே இருபத்து நாலில் பத்தொன்பது உயிரோடு ஓடுகின்றன. கேக் வெட்டினார்கள், நான் உனக்குப் போன் போட்டேன். மறுநாள் கூண்டு மாற்றும்போது, பஞ்சைக் கிழித்து அவை கட்டியிருந்த பெரிய பெரிய கூடுகளைப் பார்த்ததும்தான் நான் கூடுதலாக வைத்த வில்லைகள் நினைவுக்கு வந்தன. பிழைக்க வைத்தது மருந்தா, பஞ்சா?

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இரண்டாவதுதான். அந்த மருந்து ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே, அந்த மருந்தை நம்ம பொடியனுக்கு ஊத்தும்போது பக்கத்துல நிக்க உங்களால முடியுமா என்று மட்டும் கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. கையுறையைக் கழற்றிவிட்டு நோட்டை எடுத்தார். பிறகு எந்தக் கூண்டு, எத்தனை வில்லை, என்றைக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். இந்த முறை கூண்டுகளைக் கலந்து வைத்தார்கள், பாதிக்கு ஒரு வில்லை, பாதிக்கு மூன்று, எதற்கு மருந்து என்பது எனக்கே தெரியாது. நேற்று முடிவு வந்தது. ஒற்றை வில்லைக் கூண்டுகளில் மருந்து குடித்ததும் குடிக்காததும் ஒரே மாதிரி செத்திருந்தன. கூடுதல் பஞ்சு வைத்த கூண்டுகளில், மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாதிக்கு மேல் பிழைத்திருந்தன. குளிரோடு போராடச் செலவாகிற தெம்பு வைரஸோடு போராட மிஞ்சியிருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. கூடவே, இத்தனை வருஷமா நடுங்கிட்டிருந்த எலிங்ககிட்டயா நாங்க கேள்வி கேட்டுட்டிருந்தோம் என்றார். எனக்கு இன்னும் அந்த வியப்பு அடங்கவில்லை. காற்றில் பறக்கிற பஞ்சு, உயிருக்கும் சாவுக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறது.

ஆக, பொடியனுக்கு மருந்து இன்னும் இல்லை. போர்த்திவிட்டால் போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதே, எலிக்கு நடந்தது எலிக்கு. இருமல் வந்து, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. தெரிந்தவர் என்றாலும் சளி பிடித்தவர் கையில் அவனைக் கொடுக்காதே, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். டாக்டரம்மா வேறு மருந்தோடு மறுபடி தொடங்குகிறார். என்றைக்காவது நான் மறுபடி போன் போட்டு, மருந்து கிடைத்துவிட்டது என்று சொன்னால், சந்தோஷத்தில் உடனே அழாதே பாப்பா. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதலில் கேள். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா