முதல் மாடியில் அவள் செருப்பு

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. எங்கள் வழிபாட்டு மண்டபத்தின் மைக்கைச் சரிபார்ப்பதற்காக, முழங்காலைத் திட்டிக்கொண்டே இரண்டாவது மாடிக்குப் படியேறினேன். முதல் மாடியில் இருப்பது வேறொரு கூட்டத்தாரின் மண்டபம். கதவுக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள். அதில் ஒரு ஜோடி என் மனைவியுடையது. அறுந்த வாரைச் சிவப்பு நூலால் தைத்தவன் நான்தான். அந்தக் கோணல் தையல் வேறு எவனுக்கும் வராது.

தன் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் அவள்.

மார்ச் 5

கேட்கவில்லை. தங்கை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பொய் சொல்லும்போதுகூடக் கத்தி நிற்கவில்லை.

மார்ச் 8

முதல் மாடிக்காரர்களைப் பற்றி வாட்ச்மேனிடம் விசாரித்தேன். வருவார்களாம், தரையில் உட்காருவார்களாம், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவார்களாம். பாட்டு இல்லை, உபதேசம் இல்லை. வாயைத் திறக்காமல் கடவுளிடம் என்னத்தைக் கேட்கிறார்கள்? எங்கள் வேண்டுதல் எதிர்ச்சாரிக் கடைவரை கேட்கும். ஆள் பிடிக்கிறவர்கள்தான் இப்படிச் சத்தமில்லாமல் இருப்பார்கள்.

மண்டபச் செயலாளரான என் வீட்டிலேயே ஆள் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் எங்கள் பொருளாளர் என்னைச் சும்மா விடமாட்டார். அது கிடக்கட்டும். மகள்தான் வீட்டை விட்டுப் போய்விட்டாள். இவளும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

மார்ச் 9, ஞாயிறு

வேண்டுதல் முடிவில், கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களை மைக்கில் அறிவிப்பது என் வேலை. கடைசியாக எங்கள் வீடு: பெற்றவர்களோடு பேச்சை முறித்துக்கொண்டு போன என் மகள் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும். அவள் போனதிலிருந்து ஒரு ஞாயிறும் இதை விட்டதில்லை. பிறகு, வழக்கம்போல, ஒவ்வொருவராக வந்து மனைவியின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஏதாவது தகவல் உண்டா என்று பொருளாளரின் மனைவி கேட்டார். இவள் சிரித்த சிரிப்பு சரியில்லை. மனதில் கள்ளம் இருந்தால் சிரிப்பு எப்படி வரும்?

மார்ச் 11, செவ்வாய்

அவள் பின்னாலேயே போனேன். இந்த வயதில் இந்தப் பிழைப்பு!

கதவில் சின்னக் கண்ணாடி. உள்ளே பத்துப் பதினைந்து பேர். சுவரோரமாக இவள். கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன மனுஷங்க இவங்க? பக்கத்துல ஒருத்தி அழறா, கையப் பிடிக்க ஒரு ஆள் இல்லையா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டேன். மதம் மாறிவிட்டாயா என்றேன். இல்லையாம். பின்னே அங்கே என்ன இருக்கிறது? செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அங்க யாரும் எதுவும் கேக்கறதில்லங்க. அவ வீட்ட விட்டுப் போனது ஒரு தடவதான். நீங்க மைக்குல வாராவாரம் அனுப்பி வைக்கிறீங்க."

நல்லதுக்குத்தானே சொன்னேன்? கோபத்தில் சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மார்ச் 13

இப்படிப் பேச அவர்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள்தான் பேசவே மாட்டார்களாமே.

மார்ச் 16, ஞாயிறு

மற்ற வீடுகளை எல்லாம் அறிவித்துவிட்டேன். எங்கள் முறை வந்தது. அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டியிருப்பவள் முகம். எத்தனை ஞாயிறு இப்படி உட்கார்ந்திருப்பாள்? நான் ஒருமுறைகூட அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

மைக்கை அணைத்தேன்.

பொருளாளர் விடவில்லை. "என்ன, பொண்ணு விஷயத்த விட்டுட்டீங்க? வந்துட்டாளா?" என்றார், என் முகத்தை உற்றுப் பார்த்தபடி. இல்லை என்றேன். மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன். இனி என்மேல் ஒரு கண் வைத்திருப்பார்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று கீழ் மண்டபத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டே போனாள். திரும்பி வந்து எனக்குச் சாப்பாடு போட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவ போன் பண்றாங்க. ரெண்டு மாசமா."

சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அதற்குப் பதில் எனக்கே தெரியும்.

"ஞாயித்துக்கிழம சொல்லிட மாட்டீங்கல்ல?" என்றாள்.

மாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மகள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள், என்னைப் பற்றி என்ன கேட்டாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவை எதையும் நான் இங்கேகூட எழுதப்போவதில்லை.