ஆடி அமாவாசையில் மீன் சமைத்த அம்மாவுக்கு

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

நீங்கள் போனபின் வருகிற இரண்டாவது குளிர்காலம் இது. மெல்பேர்னில், பொயின்ட் குக்கில் காற்று முன்பு போலவே கொடியில் காயும் உடுப்புகளை முறுக்கி எறிகிறது. அப்பா உங்கள் கதிரையில் ஒருவரையும் இருக்க விடுவதில்லை, தானும் இருப்பதில்லை. உங்கள் பேத்தி அபி படிப்பை முடித்துவிட்டுக் கிளேட்டனில் ஓர் ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். நீங்கள் அவளுக்குப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அதில் அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

இதையெல்லாம் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். மாமா ஒரு காரியம் செய்துவிட்டார். உங்களைக் கேட்காமல் செய்த காரியம். உங்கள் தம்பி உங்களைக் கேட்காமல் செய்தார் என்று எழுதும்போதே உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சண்டை பிடியுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. ஆடி அமாவாசை, தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருந்து கடலில் எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். யாழ்ப்பாணத்து ஆட்களின் வீடுகளில் அன்றைக்குக் காத்தோட்டிக்காய்க் கறிதான், மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் அடுப்பேறாது. இங்கே அவுஸ்திரேலியாவில் அது நடுக்குளிரில் வரும். எங்கள் வீட்டுக் குசினியில் அப்பா தன் தகப்பனுக்காக விரதச் சமையல் செய்வார். கராஜில், கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு, காஸ் அடுப்பில் நீங்கள் மீன் குழம்பு வைப்பீர்கள். கிரெய்கிபர்னிலிருந்து மாமா அதைச் சாப்பிடவென்றே வருவார். தகப்பன் உயிரோடிருக்கிற பிள்ளைகளுக்கு அன்றைக்கு என்ன விரதம் என்பது உங்கள் கட்சி. வாசம் தெரு முழுவதும் போகவேண்டும் என்று கராஜ் கதவைப் பாதி திறந்தும் விடுவீர்கள்.

உங்கள் ஐயா பாய்க்கப்பலில் தண்டையல். இங்கே கப்டன் என்று சொல்வதை எங்கள் கரையில் அப்படிச் சொல்வோம். ரங்கூனில் அரிசியும் தேக்கும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கப்பல், வங்காளக் கடலில் புயல் அடித்த மாதத்தில், வரவே இல்லை. அதன் ஒரு பலகையைக்கூட ஒருவரும் காணவில்லை. உங்கள் அம்மா உங்கள் தம்பியைப் பெற்ற கையோடு போய்விட்டா. நீங்கள் சிறுமி. தம்பி நடக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

வருடம் ஒன்று போனதும் மற்றக் கப்பல்காரரின் வீடுகளில் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்தார்கள். உங்கள் வீட்டுக்கும் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும். நீங்கள் தம்பியைத் தூக்கிக்கொண்டு பனங்காணிக்குள் போய் ஒளித்துவிட்டீர்கள். பொழுது படுகிற வரைக்கும் தேடினார்களாம். ஐயர் போய்விட்டார். பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை, நீங்கள் எடுக்கவிடவும் இல்லை. பர்மாவின் அரக்கன் கரையில் ஒதுங்கி மாதக் கணக்கில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய கப்பல்காரர் ஒருவரை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த ஒருவர் போதும். நீங்கள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான் அம்மா.

மாமா இந்த ஆடியில் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, இந்த முறை நான் மீன் சாப்பிட வரேல்ல."

"ஏன் மாமா, டொக்டர் வேண்டாமெண்டவரோ?"

"இல்லை. ஐயாவுக்குத் தண்ணி விடுவம் எண்டு பாக்கிறன். நீ ஓமெண்டாத்தான். அக்கா இல்லாத இடத்தில இப்ப நீதானே."

நான் ஏற்கெனவே டன்டினோங் சந்தையில் மீனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவர் சொன்னது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அம்மா போய் ரெண்டு வருசம் ஆகேல்ல. அதுக்கிடையில அவவின்ர ஐயாவையும் சாக்காட்டப் போறியளோ?" என்று கேட்டேன். உங்கள் மகள்தானே, வாய் சும்மா இருக்குமா? அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கதைத்தார்.

"எனக்கு எண்பதாகுது. ஆம்பிளைப் பிள்ளை இல்லை. ஒரே மகள், அவளும் கனடாவில. நானும் போனாப் பிறகு கதிரவேலுத் தண்டையல் எண்ட பேரைச் சொல்ல ஆரு இருக்கினம்?"

பிறகு எங்களோடு ஒருமுறை பொயின்ட் லொன்ஸ்டேலுக்கு வந்ததை ஞாபகப்படுத்தினார். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பெருங்கடல் குறுகி மெல்பேர்ன் விரிகுடாவுக்குள் நுழைகிற வாய் அது. இங்கிலாந்திலிருந்து மாதக் கணக்காகப் பாய் விரித்து வந்த வியாபாரக் கப்பல்கள் எத்தனையோ, கரையைக் கண்ட பிறகு, அந்த வாயில்தான் பாறையில் மோதி உடைந்தன. அங்கே நட்டிருந்த பலகையை அபி ஒவ்வொரு வரியாக உங்களுக்குத் தமிழில் சொன்னாள். ஒரு கப்பலில் வந்தவன் மரத்துண்டொன்றைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான் என்றதும் நீங்கள் அவளை மேலே வாசிக்க விடவில்லை. "பாத்தியளோ, ஒருத்தன் தப்பியிருக்கிறான்" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னீர்கள். அத்தனை பேர் செத்த கரையிலிருந்து நீங்கள் ஒருத்தி சந்தோசமாகத் திரும்பி வந்தீர்கள். வழியில் சூடான சிப்ஸ் வாங்கித் தரச்சொல்லிச் சாப்பிட்டீர்கள்.

"நான் கடைசி வரியையும் வாசிச்சனான்," என்றார் மாமா. "மாலுமியள் சிலபேரின்ர பேர் தெரியாதெண்டு கிடந்தது. அவையளுக்குப் பேர் தெரியாது, சரி. எனக்குப் பேர் தெரியும். சொல்லத்தான் விடேல்ல."

அந்தப் பயணத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நானும் அவரை ஏன் என்று கேட்டிருக்கவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம் அம்மா. உங்களுக்குப் பக்கத்தில் நின்றால் வேறு ஆளைப் பார்க்க யாருக்கு நேரம் கிடைத்தது?

அப்போதும் எனக்கு மனம் வரவில்லை. அவர் தண்ணீர் விட்டால் உங்கள் ஐயா செத்தவர் ஆகிவிடுவார். அப்படியென்றால் நீங்கள் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தது எதற்கு? அவர் விடாமலே போய்விட்டால், தகப்பனுக்கு ஒரு கை தண்ணீர் கொடுக்காத மகனாகப் போவார். இரண்டில் எதற்கு நான் ஓம் சொல்வது? அபி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, ஹி இஸ் எய்ட்டி. ஜஸ்ட் லெட் ஹிம்" என்றாள். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் சுகமான காரியம்.

அப்பாதான் வாயைத் திறந்தார். நீங்கள் இருந்த காலத்தில் இந்த விசயத்தில் ஒருநாளும் திறக்காத வாய். "கொம்மா காத்திருந்தவ," என்றார். "இவன் காத்திருக்கேல்ல. இவனை மறிச்சு வைச்சிருந்தது."

நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு கிடைத்திராது. நான் எழுந்துபோய், மீனை வேண்டாம் என்று கடைக்குச் சொன்னேன்.

ஆடி அமாவாசையன்று விடியவே நானும் மாமாவும் புறப்பட்டோம். எங்கள் வீட்டுக்குக் கிட்டவே கடல் இருக்கிறது. மாமா அது வேண்டாம் என்றார். "கப்பல் மூழ்கின கடலுக்குத்தான் போகவேணும். அந்தத் தண்ணிக்கு விளங்கும்." ஜீலோங்கைச் சுற்றிக்கொண்டு பொயின்ட் லொன்ஸ்டேலுக்குப் போகும்போது மழை தூறியது. காரின் ஹீட்டரை முழுக்கப் போட்டும் வேட்டியோடிருந்த மனுசனுக்குக் கால் நடுங்கியது.

கோயில் ஐயர் மந்திரத்தைத் தாளில் அடித்துக் கொடுத்திருந்தார். பாறைகளுக்குப் பக்கத்தில் மணலில் இறங்கி, தாளை விரித்தாரோ இல்லையோ, காற்று அதைப் பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டது. நான் ஓடினேன், கிடைக்கவில்லை. போனிலாவது தேடித் தரலாம் என்றால் கை விறைத்து விரல் ஓடவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், மாமா முழங்கால் தண்ணீரில் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயா, கதிரவேலுத் தண்டையல், நான் உங்கட மகன். நீங்கள் போகேக்க நடக்கப் பழகிக்கொண்டு திரிஞ்சனானாம். முகம் ஞாபகமில்லை. கோவிக்காதேங்கோ. அக்கா என்னை நல்லா வளர்த்தவ, ஒரு குறையும் இல்லை. அவ உங்களைப் பாத்துக்கொண்டிருந்தவ. நான் அவவைப் பாத்துக்கொண்டிருந்திட்டன். இவ்வளவு காலமும் உங்களைத் தாகத்தோட விட்டிட்டன் ஐயா."

எள்ளும் தண்ணீரும் அவர் விரல்களுக்குள்ளால் போயின. பிறகு அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். மாமா அழுது நான் கண்டதில்லை. உங்கள் செத்தவீட்டில்கூட வந்தவர்களுக்குச் சோடா கொடுத்துக்கொண்டு ஓடித் திரிந்தவர் அவர். நான் அவரிடம் போகவில்லை. எனக்கும் கண் தெரியவில்லை. நான் உங்கள் ஐயாவுக்காக அழவில்லை அம்மா. நீங்கள் அந்த இடத்தில் இல்லை என்றுதான் அழுதேன்.

நாயோடு நடக்க வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, அவருக்கு ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள். அவருடைய தகப்பன் செத்துவிட்டார் என்றேன். அவள் எண்பது வயது மனுசனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்மையிலா?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? அவள் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

காருக்குள் வந்து மாமாவின் தலையைத் துவட்டிவிட்டேன். பிறகு சின்னப் பிள்ளைபோல என் பக்கம் திரும்பினார்.

"அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

"என்ன மாமா?"

"ஐயா செத்ததை. அக்காவுக்கு ஆர் சொல்லுறது? எனக்குப் பயம் பிள்ளை. நீ சொல்லு."

அதுதான் அம்மா இந்தக் கடிதம்.

ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் உங்களுக்குப் படிப்படியாகத்தான் சொல்லுவோம். முதலில் சுகமில்லையாம் என்போம். பிறகு கொஞ்சம் கடுமையாம் என்போம். நீங்கள் முதல் படியிலேயே பிடித்துவிடுவீர்கள். "எப்ப எடுக்கினம்?" என்று நேரே கேட்பீர்கள். இதையும் நான் அப்படித்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் எப்போதோ பிடித்திருப்பீர்கள். அங்கே உங்கள் ஐயாவைக் கண்டும் இருப்பீர்களோ? கண்டிருந்தால் ஒரு கனவிலாவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனாலும் யாராவது ஒருவர் அதை வாயால் சொல்லவேண்டும். உங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வந்தவர்களை நீங்கள் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

அம்மா, உங்கள் ஐயா செத்துப்போனார். கப்பலோடு போனார். இனி வரமாட்டார்.

அழுங்கள். பனங்காணிக்குள் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தபோது உங்களால் அழ முடிந்திருக்காது. இப்போது ஒருவரும் தேடி வரமாட்டார்கள்.

மாமா இருக்கும்வரை மாமா தண்ணீர் விடுவார். அவருக்குப் பிறகு நான் விடுவேன். பெண்பிள்ளை விடலாமா என்று கேட்க வருகிறவர்கள், நான் யாருடைய மகள் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். ஒவ்வோர் ஆடியிலும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முதலில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பேன். குடித்து முடித்த பிறகு, என்ர அம்மாவை இவ்வளவு காலம் ஏன் காக்க வைச்சனீங்கள் என்று கேட்காமல் கரையேற மாட்டேன்.

செய்தி சொல்ல வந்த,
உங்கள் வாய்க்காரி மூத்தவள்,
வதனி