இரத்மலானையிலிருந்து திருச்சிக்கு ஒன்றே முக்கால் மணி

அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக ஒரு வரியும் சேர்க்கமாட்டேன். நான் செய்த தவறையும் மறைக்கமாட்டேன்.

இன்று பூகோள வகுப்பில் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கேட்டார்கள். அட்லஸைத் திறந்தேன். கடலுக்கு இந்தப் பக்கம் இரத்மலானையில் ஒரு துளை, அந்தப் பக்கம் திருச்சியில் ஒரு துளை. உங்கள் தையல் ஊசிகள் போட்ட துளைகள்! பக்கத்தில் இருந்தவள், "என்னடி, பூச்சி அரிச்சிருச்சா?" என்றாள். சிரித்துவிட்டேன்.

திருச்சிப் பெரியப்பா உங்களுக்கு விமான டிக்கெட் அனுப்பியிருந்தாரே, அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட துளைகள். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். "அதற்கு முன் உன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்று எழுதியிருந்தார். அன்று காலை எட்டரைக்கு விமானம் கிளம்பும். எப்போது போய்ச் சேரும் என்று அவர் எழுதவில்லை.

"ஏம்மா, நீ படிச்ச புள்ள. கணக்குப் போட்டுச் சொல்லு" என்றீர்கள்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. விமானம் மணிக்கு நூற்றறுபது மைல் போகும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். நூலை எடுத்து, ரயில் பாதையோடு தலைமன்னார்வரை வளைத்து வளைத்து வைத்தேன். கடலைத் தாண்டி, அந்தக் கரையிலும் அப்படியே. உங்கள் அங்குல நாடாவால் அளந்தேன். அட்லஸின் அளவுப்படி நானூறு மைல், இரண்டரை மணி நேரம். பதினொன்றுக்குத்தான் விமானமே இறங்கும்!

நீங்கள் பையில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையை வெளியே எடுத்து வைத்தீர்கள். "ஆபரேசன் முடிஞ்சு போயி என்னத்துக்கு..." என்றீர்கள்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையைத் தைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஏண்டி, ஏரோப்ளேன் என்ன மலைய சுத்திக்கிட்டா போகும்? நம்ம பஸ்ஸா அது? நடுவானத்துல என்னாடி வளைவு இருக்கு?"

வெட்கத்தில் காது சுட்டது. நம் ஊரில் எதிரே தெரியும் லயத்து வீடுகளுக்குக்கூடச் சுற்றித்தானே போகிறோம்! நேர்க்கோட்டில் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் இரண்டு ஊசிகளைக் குத்தி, நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினீர்கள். இருநூற்றெண்பது மைல். ஒன்றே முக்கால் மணி! பத்தேகாலுக்குத் திருச்சி! அக்கரப்பத்தனை அத்தை வீட்டுக்கு நடக்கிற நேரம்கூட இல்லை! நான் குதித்தேன். நீங்கள் சட்டையை மறுபடி பைக்குள் வைத்தீர்கள்.

திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஓங் கணக்குல அஞ்சு நிமிசம் தப்பும்மா" என்றீர்கள். அதோடு, விமான நிலையத்தில் காகிதம் பார்ப்பவர்களின் வரிசையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லையாம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஓடினீர்களாம். பெரியப்பாவின் தள்ளுவண்டி ஆபரேஷன் அறைக் கதவருகே போய்விட்டதாம். "வந்துட்டியாடா" என்றாராம் பெரியப்பா.

அவர் பிழைத்துவிட்டார். நீங்கள்தான் போன மழைக்காலத்துக் காய்ச்சலில் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். பெரியப்பா எனக்கு எழுதிய கடிதத்தில், "உன் அப்பன் ஓடி வந்த சூட்டோடு என் கையைப் பிடித்தான். அந்தச் சூடு கையில் இருக்கும்போதே மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பயமே தெரியவில்லை" என்றிருந்தது.

அந்தச் சூட்டில் கொஞ்சம் என்னிடமும் இருக்கிறது, அப்பா. இன்று என் விடையை நேரே கரும்பலகையில் போய் எழுதினேன். எனக்கும் பயம் தெரியவில்லை.

இன்னும் எழுத ஆசைதான். விடுதியில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.