நான் சொல்லாமல் விட்ட நான்காவது ரெஜிஸ்டர்

இன்று காலை பாபநாசம் கடைத்தெருவில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையைத் தாண்டும்போது வார்னிஷ் கருகிய வாசனை வந்தது. ஸ்கூட்டியை ஓரம்கட்டி நின்றுவிட்டேன். அப்புறம் நீடாமங்கலத்துக்கு, உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த பம்புசெட் மோட்டார் கன்ட்ரோலர் பெட்டியில், மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் மோட்டார் உடனே நிற்க வேண்டும். கரன்ட்டை அளக்கும் பகுதியை, சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்ப்ளி மொழியில் நீ எழுதினாய். "படிக்க சி நல்லாத்தான் இருக்கும்டி, இந்த எடத்துக்கு அதோட வேகம் பத்தாது" என்பாய். மற்றதெல்லாம் நான் சி மொழியில் எழுதிய நிரல். உன் வரிகளை அதற்குள் பொருத்தியதும் நான்தான். அவற்றின் மேலே நீ ஒரு குறிப்பு வைத்திருந்தாய்: "இந்த நாலு ரெஜிஸ்டரும் கலையும். கம்பைலர்கிட்ட சொல்லிடு." கணக்குப் போடும்போது சிப் எண்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம்தான் ரெஜிஸ்டர். சொல்லிவிட்டால், என் சி நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அவற்றில் எதையும் வைக்காது. நான் மூன்றை மட்டும் சொன்னேன்.

மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெட்டியின் சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்க, சி-யில் ஒரு வரியை மாற்றினேன். அதிலிருந்து கம்பைலர் 'நிறுத்து' என்ற குறியை அந்த நான்காவது ரெஜிஸ்டரில் வைக்கத் தொடங்கியது. உன் வரிகள் அதை அழித்தன.

அந்தப் புது நிரலை ஏற்றிய பெட்டி உன் அப்பாவின் குத்தகை வயலில் இருந்தது. ஊரார் வயலில் கூலிக்கு நட்டவர், முதன்முதலாகத் தனக்கென்று நட்ட குறுவை நெல். ஒரு மத்தியானம் ஒரு ஃபேஸ் போனது. மோட்டார் நிற்கவில்லை. காயில் எரிந்துபோனது.

பம்புசெட் வாசலில் லேப்டாப்பை வைத்துத் தேடினோம். நீதான் கண்டுபிடித்தாய். திரையை என் பக்கம் திருப்பி, மூன்று ரெஜிஸ்டர் மட்டும் இருந்த என் வரிமேல் விரலை வைத்தாய். அதற்குள் அப்பா வரப்பில் வந்துவிட்டார்.

"கரன்ட்டு தப்பா, பெட்டி தப்பாம்மா?"

"பெட்டிதாம்ப்பா. நான் எழுதுனதுல தப்பு."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பயிரைத் திரும்பிப் பார்த்தார். "சரி விடு. டீசல் இன்ஜின் எங்கயாச்சும் கேட்டுப் பாக்குறேன்" என்று போனார். இரவல் இன்ஜினில் தண்ணீர் இறைத்தோம். மேட்டுப்பக்கம் மட்டும் காய்ந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எம்மேல கோவம் வந்தா சாயங்காலமே போயிடும். உம்மேல வருத்தம் வந்தா, வீட்டுல உன்னச் சாப்பிடக் கூப்பிடவே யோசிப்பாங்கடி."

அடுத்த வருஷம் உனக்கு நோய் வந்தது. நீ போன பிறகும் உன் வீட்டுக்குப் பலமுறை போனேன், சாப்பிட்டேன், சொல்லாமலே திரும்பினேன்.

இன்று அப்பா வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தியதும் சொல்லிவிட்டேன்: "அப்பா, அன்னைக்கு மோட்டார் எரிஞ்சது என்னால. அவ தப்பில்ல."

மண்வெட்டியைக் கரையில் சாய்த்தார்.

"தெரியும்மா. ஆஸ்பத்திரில இருக்கும்போதே சொல்லிட்டா."

"அப்புறம் ஏம்ப்பா என்கிட்ட கேக்கல?"

"'அவளே ஒருநாள் வந்து சொல்லுவா, அதுவரைக்கும் ஒண்ணும் கேக்காதீங்க'ன்னா. நீ வரும்போதெல்லாம் இன்னைக்குச் சொல்லுவியோன்னு பாத்துக்கிட்டிருப்பேன்."

கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் சொல்வேன் என்று நீ நம்பியிருக்கிறாய். இத்தனை நாளில் என்று ஒரு கெடுகூட வைக்கவில்லை. அந்த நம்பிக்கைக்கு ஏற்றவளாக இருக்கும் வேலை எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறதடி.